முதலாளி வீட்டு விலாசம்

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் இரண்டு மிளகுக் கிடங்குகளுக்கு நடுவே ஒரு மரப்படி மேலே ஏறும். அதன் உச்சியில்தான் நான் வேலை பார்த்த டிராவல்ஸ் ஆபீஸ். படிக்குக் கீழே மலையாளம், தமிழ், இங்கிலீஷ் மூன்றிலும் எழுதிய போர்டு ஒன்று தொங்கியது. ‘தாமதம் இல்லை’ என்பது அதன் வாசகம். எதில் தாமதம் இல்லை என்று போர்டு சொல்லவில்லை. காசு வாங்குவதில் என்று வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே நான் புரிந்துகொண்டேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. கை கால் திடமாக உள்ள எந்த ஆண்பிள்ளையும் கொச்சியில் நிற்கப் பிரியப்படாத காலம். பள்ளுருத்தியில் சைக்கிள் கடை வைத்திருந்தவன் கடையை விற்றான். எர்ணாகுளம் பிராட்வேயில் பழவண்டி தள்ளிய நம் தமிழ் ஆட்கள் வண்டியை மச்சான் கையில் கொடுத்துவிட்டுப் போட் ஏறி மட்டாஞ்சேரிக்கு வந்தார்கள். எல்லாருக்கும் துபாய், மஸ்கட், தோஹா. போவதற்கு முதலில் பாஸ்போர்ட் வேண்டும். பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ்காரர் விசாரித்து எழுத வேண்டும். அது முடிந்தால் படிப்பில்லாதவனுக்கு எமிக்ரேஷன் முத்திரை. ஒவ்வொன்றுக்கும் மாதக்கணக்கில் காத்துக் கிடக்க வேண்டும். அந்தக் காத்திருப்பைச் சுருக்கித் தருகிறேன் என்று சொல்லி, காத்திருக்கிறவர்களின் தலையைத் தடவிப் பிழைத்தவர் எங்கள் முதலாளி.

அவரைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்ல வேண்டுமென்றால், சட்டை எப்போதும் வெளுப்பாக இருக்கும். வேறு எதுவும் எனக்கு ஞாபகம் வரவில்லை. படியேறி வருகிற ஒவ்வொருவனின் தோளிலும் கை போட்டு ‘நம்ம ஆளு’ என்பார். தமிழன் வந்தால் தமிழில், மலையாளி வந்தால் மலையாளத்தில், கொங்கணி பேசுகிறவன் வந்தால் தனக்குத் தெரிந்த நாலு கொங்கணி வார்த்தையில். வந்தவன் உருகிப்போவான். உருகுகிறவர்களைப் பார்த்து எனக்கு முதலில் பாவமாக இருந்தது, பிறகு எரிச்சலாக இருந்தது. தோளில் ஒரு கை விழுந்தால் பையைத் திறந்துவிடும் ஜனங்களை என்னவென்று சொல்ல.

நானும் அந்த ஜனங்களில் ஒருத்திதான். தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து முனிசிபாலிட்டியில் வேலைக்குச் சேர்ந்த குடும்பம் எங்களுடையது. வரிசையாக ஒரே கூரைக்குக் கீழே கட்டிய லைன் வீடுகளில் ஒரு அறை, ஒரு அடுப்படி. நான் படித்தது மலையாளத்தில். தமிழ் எழுத்து, பிராட்வேயில் வாங்கின பழைய வாரப் பத்திரிகைகளைப் படித்துப் பிடித்துக்கொண்டது. அதனால் என் தமிழில் அன்பைவிடக் கோபம் சரளமாக வரும். டைப்ரைட்டிங் பாஸ் செய்திருந்தேன். டைப் அடிக்கத்தான் என்னை எடுத்தார்கள். ஆனால் வேலையில் பாதி, முதலாளி கட்டிக் கொடுக்கும் விண்ணப்பக் கட்டைப் போட்டில் எர்ணாகுளம் கொண்டுபோய், பாஸ்போர்ட் ஆபீஸ் வரிசையில் நிற்பது. கட்டைப் பிரிக்கக் கூடாது என்பது உத்தரவு. கஸ்டமர் ரகசியமாம். தெருவில் நின்று எல்லாருடைய கதையையும் எல்லாரிடமும் சொல்கிற மனுஷனுக்கு ரகசியம்.

அந்த வருஷம் கல்லூரிக்காரர்களுக்கு ஒரு புதுத் திட்டம் வந்தது. பிள்ளைகள் பாதி நாள் வகுப்பில் படிக்க வேண்டும், மீதி நாள் ஏதாவது ஆபீசில் வேலை பார்க்க வேண்டும். அந்த வேலைக்கும் சேர்த்துத்தான் சர்டிபிகேட். திட்டத்தில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஒழுங்கான ஆபீசுக்குப் போன பிள்ளைகள் ஒழுங்காகக் கற்றுக்கொண்டும் இருப்பார்கள். எங்கள் முதலாளி காதில் இது விழுந்த வாரமே, வருஷக்கணக்காக ஃபாரம் எழுதிக்கொண்டிருந்த இரண்டு கிளார்க்குகளை வீட்டுக்கு அனுப்பினார். அந்த இடத்தில் நாலு மாணவர்களைக் கொண்டுவந்தார். இரண்டு பெண்கள், இரண்டு பையன்கள். பயிற்சி என்பதால் சம்பளம் கிடையாது. மத்தியானம் சாயாவும் பழம்பொரியும் உண்டு. இளைய தலைமுறைக்குக் கை கொடுக்கிறேன் என்று வியாபாரிகள் கூட்டத்தில் பேசி ஒரு பொன்னாடையும் போர்த்திக்கொண்டு வந்தார். அதை நாற்காலியின் முதுகில் விரித்துப் போட்டிருந்தார்.

பிள்ளைகளை மேலே மச்சில் உட்கார வைத்தார். நிமிர்ந்தால் தலை இடிக்கும் உயரம். கீழே கிடங்கிலிருந்து மிளகுத் தூசி எழும்பி வந்து அங்கேதான் தங்கும். நாள் முழுக்கத் தும்மிக்கொண்டே எழுதுவார்கள். மேற்பார்வைக்கு வர வேண்டிய வாத்தியார் ஒரே ஒரு தடவை வந்தார். முதலாளி அறையில் உட்கார்ந்து பழம்பொரி தின்றார். தன் தம்பிக்கு ஒரு விசா கிடைக்குமா என்று விசாரித்தார். பிள்ளைகளின் வேலை மிகவும் சிறப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் படியிறங்கிப் போனார். மச்சுப் பக்கம் தலையைக் கூடத் தூக்கவில்லை.

முதலாளி கொடுத்த பயிற்சி ஒரே ஒரு வரி. ‘ஒரு கட்டமும் காலியாக விடக் கூடாது.’ காலிக் கட்டம் இருந்தால் ஆபீசில் திருப்பி அனுப்புவார்கள், திருப்பி அனுப்பினால் தாமதம், தாமதம் வந்தால் போர்டு பொய்யாகிவிடும். அவ்வளவுதான் அவருடைய கல்வி. பிள்ளைகள் சொன்னதைச் செய்தார்கள். ஃபாரத்தில் உடம்பில் உள்ள அடையாளம் என்று ஒரு கட்டம் உண்டு. வந்தவனைச் சட்டையைத் தூக்கச் சொல்லிப் பார்க்க அந்தப் பெண்களுக்குக் கூச்சம். வந்தவனுக்கும் கூச்சம். அதனால் எங்கள் ஆபீஸ் வழியாகக் கடல் கடந்த எல்லா ஆண்களுக்கும் வலது முன்கையில் ஒரு கறுத்த மச்சம் உண்டு. இப்படி ஒரே இடத்தில் மச்சம் உள்ளவர்களாகவே ஒரு ஊர் முழுக்க எப்படிப் பிறந்தார்கள் என்று பாஸ்போர்ட் ஆபீசில் ஒருவனும் கேட்கவில்லை. அவனும் நம்மைப் போல்தான், கட்டம் நிறைந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தான்.

அடுத்த கட்டம், வீட்டுப் பேர்தான் எங்களைப் பிடித்தது. மலையாளிக்கு வீட்டுக்கு ஒரு பேர் உண்டு. ஓலைக் குடிசையாக இருந்தாலும் பேர் இருக்கும். ஆளைச் சொல்வதற்கு முன்னால் வீட்டைச் சொல்வார்கள். தபால்காரர் அதை வைத்துத்தான் வருவார், போலீஸ்காரர் அதை வைத்துத்தான் விசாரிப்பார். லைன் வீட்டில் கிடக்கும் தமிழனுக்கு ஏது வீட்டுப் பேர்? அப்பா பேரின் முதல் எழுத்து முன்னால் நிற்கும், அதற்குமேல் ஒன்றுமில்லை. மச்சில் இருந்த பெண்களில் ஒருத்தி பள்ளுருத்திக்காரி, கண்ணாடி போட்டவள். கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும் என்பதால் தமிழர் ஃபாரமெல்லாம் அவளிடம்தான். முதல் முதலாக ஒரு பழவண்டிக்காரர் வீட்டுப் பேர் இல்லை என்று சொன்னபோது அவள் மச்சிலிருந்து எட்டிப் பார்த்து என்னைக் கேட்டாள்.

“சேச்சீ, வீட்டுப் பேர் இல்லாத்த ஆளுகளும் உண்டோ?”

“உன் முன்னாடி ஒண்ணு உக்காந்து டைப் அடிக்குதே” என்றேன்.

அவள் சிரிக்கவில்லை, கவலைப்பட்டாள். இறங்கிப் போய் முதலாளியிடமே கேட்டாள். அவர் அப்போது யாரோ நாலு தமிழர்களின் தோளில் மாறி மாறிக் கை போட்டுக்கொண்டிருந்தார். தாராள மனசு பொங்கி வழிந்த நேரம். “இவரெல்லாம் நம்ம ஆட்களல்லே? நம்மட வீட்டுப் பேர் எழுதிக்கோ” என்றார். அந்த நாலு பேரும் கும்பிட்டார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்தது எனக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது. நான் அதை வெறும் வாய்ப்பேச்சு என்று நினைத்தேன், அந்தப் பெண் அன்றைக்கு அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டாள். அதிலிருந்து லைன் வீட்டுத் தமிழன் எவன் வந்தாலும், சர்க்கார் காகிதத்தில் அவன் குடியிருப்பது எங்கள் முதலாளி வீட்டில். இரண்டு மாடி, முன்னால் மாமரம், இரும்பு கேட். அந்த வீட்டின் பேரை நான் இங்கே எழுத மாட்டேன். அதை எழுதினவரைக்கும் போதும்.

அண்ணன் வந்ததும் இந்தச் சமயத்தில்தான். என்னைவிட எட்டு வயசு பெரியவன். போட் கட்டுகிற யார்டில் வெல்டர். பகலெல்லாம் நெருப்பைப் பார்த்துவிட்டு ராத்திரி கண்ணில் உருளைக்கிழங்கு வில்லை வைத்துக்கொண்டு படுத்திருப்பான். கூட வேலை பார்த்த ஒரு ஆள் துபாய்க்குப் போய், கப்பல் பழுது பார்க்கிற யார்டில் இவனுக்கு ஒரு இடம் பிடித்து விசாவுக்கு ஏற்பாடு செய்திருந்தார். ஓணத்துக்குள் போய்ச் சேர வேண்டும். இல்லாவிட்டால் இடம் அடுத்த ஆளுக்கு. அண்ணனுக்கு துபாய் மேல் ஆசையெல்லாம் கிடையாது. பள்ளுருத்தியில் மூன்று சென்ட் நிலம், அதில் தனக்கென்று இரண்டு அறை. மதினியும் இரண்டு பெண்குழந்தைகளும் அம்மாவும் நானும் அவனும் ஒரே அறையில் தலைமாடு கால்மாடாகப் படுப்பது முடிய வேண்டும். அதற்காக ஐந்து வருஷம் போய் வருகிறேன் என்றான்.

“நீயே நேரா எர்ணாகுளம் போய்க் குடுத்துருண்ணே. என் ஆபீஸ் வழியா வராத” என்று சொன்னேன்.

“நேரா குடுத்தா கிறிஸ்மஸ் ஆயிரும். உங்க மொதலாளி ஓணத்துக்கு முன்ன வாங்கித் தரேன்னு கையடிச்சுச் சொல்லிட்டாரு.”

“தோள்ல கை போட்டானா?”

“ஆமா. அதுக்கென்ன?”

இதற்குமேல் அவனிடம் என்ன பேச. நான் எர்ணாகுளத்தில் வரிசையில் நின்றுகொண்டிருந்த ஒரு நாளில் அவன் மச்சேறினான். கண்ணாடிக்காரி எழுதினாள். அவன் மலையாளத்தில் கையெழுத்துப் போட்டான். வலது முன்கையில் மச்சமும், இரண்டு மாடி வீடும் அவனுக்கும் கிடைத்தன. மற்ற விண்ணப்பங்களோடு கட்டிய அதை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தது நான்தான். உள்ளே என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது.

இத்தனை நாளும் இது எப்படி ஓடியது என்றால், எங்கள் பக்கத்து ஸ்டேஷன் போலீஸ்காரர் வீடு வீடாகப் போய்க் காலைத் தேய்த்துக்கொள்கிறவரல்ல. நேரே ஆபீசுக்கு வருவார். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து சாயா குடிப்பார். காகிதக் கட்டைப் புரட்டி, “எல்லாரும் நம்ம ஆட்கள்தானே?” என்பார். “நம்ம ஆட்கள்தான்” என்பார் முதலாளி. விசாரணை முடிந்தது. தாமதமில்லாத சேவையின் சூட்சுமம் இந்த ஒரு டம்ளர் சாயாதான். அந்த மனுஷருக்கு மாற்றலாகிப் புதிதாக ஒரு சின்ன வயசுப் போலீஸ்காரர் வந்தார். ஆபீசுக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். வரவில்லை. ஒல்லியாக இருந்ததால், வெயிலுக்குப் பயந்த ஆளாக இருக்கும், ரெண்டு நாளில் வழிக்கு வருவான் என்று முதலாளி சொல்லிக்கொண்டார். அந்தப் போலீஸ்காரர் சைக்கிளில் ஒவ்வொரு வீட்டுக்கும் போவார் என்று யாருக்கும் தோன்றவில்லை. வேலையை ஒழுங்காகச் செய்கிற ஒருவன் வந்து தொலைவான் என்பது எங்கள் ஆபீஸ் கணக்கிலேயே இல்லாத விஷயம்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மழை விட்டு விட்டுப் பெய்தது. இரண்டு டிக்கெட்டுகளுக்கு அவசரமாகக் கையெழுத்து வேண்டும் என்று என்னை முதலாளி வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தார். போனால் முன் வராந்தாவில் விருந்தாளிகள். மகளைப் பெண் பார்க்க வந்திருந்த கூட்டம். எர்ணாகுளத்தில் பெரிய கடை வைத்திருக்கிறவர்கள் என்று வேலைக்காரி கிசுகிசுத்தாள். என்னை வராந்தாவின் ஓரத்தில், செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னார்கள். நின்றேன். உள்ளேயிருந்து நெய்யில் வறுத்த முந்திரி வாசனை வந்தது.

அந்த நேரத்தில்தான் கேட்டைத் திறந்துகொண்டு அந்தச் சின்னப் போலீஸ்காரர் சைக்கிளைத் தள்ளியபடி வந்தார். தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டியது. மரியாதையாகத்தான் பேசினார். பாஸ்போர்ட் விசாரணை, இந்த வீட்டில் குடியிருக்கிறவர்கள் என்று பத்துப் பதினைந்து பேர் விண்ணப்பித்திருக்கிறார்கள், பேர் வாசிக்கிறேன், இருக்கிறார்களா என்று சொன்னால் போதும் என்றார். வாசிக்கத் தொடங்கினார். எல்லாம் தமிழ்ப் பேர்கள். பழவண்டிக்காரர், ஹோட்டலில் மாவாட்டுகிறவர், கட்டட வேலைக்குக் கல் தூக்குகிறவர். நடுவில் என் அண்ணன் பேர். அப்பா பேரோடு. ஃபாரத்தில் என்ன எழுதியிருந்தார்கள் என்று அந்த நிமிஷம்தான் எனக்குத் தெரிந்தது.

மாப்பிள்ளையின் அப்பா முறுக்கைக் கடிப்பதை நிறுத்திவிட்டு முதலாளியைப் பார்த்தார். இத்தனை பேர் இந்த வீட்டில் இருக்கிறார்களா என்று கேட்டார். சும்மா கேட்ட கேள்விதான். ‘என்னிடம் வேலைக்கு வருகிறவர்கள், விலாசத்துக்கு என் பேரைக் கொடுத்திருக்கிறேன்’ என்று ஒரு வாக்கியம் சொன்னால் முடிந்திருக்கும். அந்தப் போலீஸ்காரருக்கும் அது போதுமாயிருந்திருக்கும். பல மாதமாக நாளைக்கு நாற்பது தடவை ‘நம்ம ஆட்கள்’ என்று சொன்ன வாய் அது.

“பாண்டிகளோ? என்றெ வீட்டிலோ?” என்றார் முதலாளி. தமிழனை இளக்காரமாகச் சொல்ல அங்கே வைத்திருக்கும் பேர் பாண்டி.

சிரித்தார். விருந்தாளிகளைப் பார்த்துத்தான் சிரித்தார். அவர்களும் சிரித்தார்கள். “இவரையொந்நும் இவிடெ ஆர்க்கும் அறியில்லா” என்று போலீஸ்காரரிடம் சொன்னார். இவர்களை இங்கே ஒருவருக்கும் தெரியாதாம். எவனோ தன் நல்ல பேரைக் கெடுக்க விலாசத்தைத் திருடியிருக்கிறான் என்றும் சேர்த்துக்கொண்டார். நாக்கில் நரம்பில்லாமல் பேசுவது என்றால் என்ன என்று அதுவரை எனக்குத் தெரியாது.

நான் ஓரத்திலிருந்து முன்னால் வந்தேன். “அதுல ஒருத்தர் என் அண்ணன் சார். இங்க இல்ல, ரெண்டு தெரு தள்ளி லைன் வீட்ல இருக்காங்க. இப்பவே வந்து பாருங்க, வீட்லதான் இருக்காங்க. இந்த வீட்டுப் பேர எழுதச் சொன்னதே இவங்கதான்” என்றேன்.

“நீ மிண்டாதிரி” என்றார் முதலாளி. வாயைத் திறக்காதே என்று அர்த்தம். பிறகு விருந்தாளிகள் பக்கம் திரும்பி, ஆபீசில் டைப் அடிக்கிற பெண், இதுவும் அந்தக் கூட்டம்தான் என்று விளக்கினார்.

போலீஸ்காரர் என்னைப் பார்த்தார். நல்ல மனுஷர். தயங்கினார். ஆனால் எழுதியிருக்கிற வீட்டைத்தான் தன்னால் விசாரிக்க முடியும், வீட்டுக்காரரே இல்லை என்று சொன்னபிறகு வேறு எதை எழுதுவது என்றார். மழையில் நனையாமல் காகிதத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு போனார். முதலாளி அந்த இரண்டு டிக்கெட்டிலும் அங்கேயே கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டினார். பேனா மூடியைக்கூடப் பொறுமையாகத்தான் திருகினார்.

அத்தனை விண்ணப்பமும் நின்றது. பொய் விலாசம் என்று எழுதியாகிவிட்டது. ஓணம் வந்தது, பக்கத்து வீடுகளில் பூக்களம் போட்டார்கள், துபாய் யார்டில் அண்ணனுடைய இடம் ஆலப்புழைக்காரர் ஒருவருக்குப் போனது. படியேறி வந்து கேட்டவர்களிடம் முதலாளி, காலேஜ் பிள்ளைகள் செய்த தப்பு, இந்தக் காலத்துப் பிள்ளைகளை நம்பி வேலை கொடுத்த என்னைச் சொல்ல வேண்டும் என்றார். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டுப் போனார்கள். ஒருவர்கூடச் சண்டை போடவில்லை. கண்ணைத் துடைத்துக் கும்பிட்டவர் இந்தத் தடவையும் கும்பிட்டுவிட்டுத்தான் இறங்கினார். முதலாளி மேல் எனக்கிருந்த கேவலமான எண்ணத்தில் பாதியை அன்றைக்கு இவர்களுக்கும் பங்கு வைத்துக் கொடுத்தேன்.

கண்ணாடிக்காரியைப் பற்றிக் கல்லூரிக்கு எழுதிப் போட்டார். பொறுப்பில்லாதவள், பயிற்சியில் தேறவில்லை என்று. மிகவும் சிறப்பு என்று கையெழுத்துப் போட்ட அதே வாத்தியார் அதையும் வாங்கி வைத்துக்கொண்டார். அவள் தன் குடையை எடுக்க வந்தபோது என் மேஜை பக்கத்தில் நின்றாள். “ஞான் எந்து தெற்றா செய்தது, சேச்சீ?” என்று கேட்டாள். ஒரு தப்பும் நீ செய்யவில்லை, சொன்னதைச் செய்தாய், அதுதான் உனக்கு வந்த கேடு என்றேன். அது அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்காது. அவள் இடத்துக்கு அடுத்த வாரமே வேறொரு பெண் மச்சேறினாள். பயிற்சி அதே ஒரு வரிதான்.

மழைக்காலம் முழுக்க முடிந்து, அண்ணனுக்கு இரண்டாவது தடவை அதிர்ஷ்டம் அடித்தது. துபாயிலிருந்து அதே ஆள் சொல்லி அனுப்பினார், இன்னொரு இடம் இருக்கிறது, புது வருஷத்துக்குள் வா என்று. இது முதலாளிக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. அண்ணனைக் கூட்டிக்கொண்டு வா என்றார் என்னிடம். பாவ புண்ணியம் பார்த்து அல்ல. யாராவது ஒருத்தன் மேலிடத்துக்குப் புகார் எழுதிப் போட்டால் தன் லைசென்ஸ் போய்விடும் என்ற பயம். லைன் வீட்டுக்காரர்களில் வாயுள்ள தங்கை ஒருத்தி இருப்பது அண்ணனுக்குத்தான் என்று அவருக்குத் தெரியும். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகும் என்னை வேலையை விட்டு அனுப்பாததும் அதனால்தான்.

அண்ணன் யார்டிலிருந்து நேரே வந்தான். சட்டையெல்லாம் பொறி பட்ட ஓட்டை. முதலாளி எழுந்து வந்து தோளில் கை போட்டார். உட்கார வைத்தார். எனக்கும் சேர்த்துச் சாயா வந்தது.

“இதா பாரு, புதுசா வேற விலாசம் எழுதினா பழைய பொய் விலாசம் ஏன்னு கேப்பாங்க. அது தீர ஒரு கொல்லம், ஒரு வருஷம் ஆகும். அதே விலாசம் இருக்கட்டே. போலீஸ்காரன் வந்தா ஞான் நேரா சொல்லும். இந்த ஆளு எங்க வீட்டுல புறம்பணிக்கு, வெளிவேலைக்கு நிக்கறவன், பின்னால விறகு ஷெட்டுல கிடக்கான், அன்னைக்கு எனக்கு பேர் ஓர்மை வந்தில்லன்னு. நீ அன்னைக்கு அந்த ஷெட்டு வாசல்ல வந்து நின்னா போதும். மூணு வாரத்துல பாஸ்போர்ட்டு.”

மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டிருந்தது. இனிமேல் அவர் வீட்டில் தமிழர்கள் இருந்தால் குற்றமில்லை, விறகு ஷெட்டில் இருக்கிறவரைக்கும்.

அண்ணன் சரி என்றுதான் சொல்வான் என்று நினைத்தேன். அவனைத் தெரிந்த யாரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். யாரிடமும் குரல் உயர்த்திப் பேசாதவன். அவனுக்கு அந்த மூன்று சென்ட் எவ்வளவு வேண்டியிருந்தது என்று எனக்குத் தெரியும். சாயா டம்ளரைக் கையில் எடுத்தான். அவன் சரி என்று சொல்லிவிட்டால் நான் அதையும் மன்னிக்கத் தயாராகத்தான் இருந்தேன், அவனை மட்டும்.

“வேண்டாம் மொதலாளி” என்றான்.

அவ்வளவுதான். காரணம் சொல்லவில்லை, திட்டவில்லை. சாயாவைக் குடிக்காமல் வைத்துவிட்டுப் படியிறங்கினான். உபகாரம் செய்யப்போனால் இவர்களுடைய திமிரைப் பார் என்று முதலாளி என்னைப் பார்த்துச் சொன்னார். நான் டைப்ரைட்டரை மூடினேன். இத்தனை நாளும் மனசில் வைத்திருந்த வசவுகளில் நல்லதாக இரண்டு மூன்றைப் பொறுக்கித் தமிழிலேயே அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். அவருக்குத் தமிழ் நன்றாகவே புரியும். பிறகு நானும் இறங்கிவிட்டேன். அந்த மாசச் சம்பளத்தைக் கேட்டு ஆள் அனுப்பினேன், கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால்தான் ஆச்சரியப்பட்டிருப்பேன்.

அண்ணன் தன் கையாலேயே புது விண்ணப்பம் கொடுத்தான். நான் எழுதினேன். வீட்டுப் பேருக்கு ஒரு கோடு போட்டேன். லைன், அறை எண், சந்து, இருந்ததை இருந்தபடி. பழைய பொய் விலாசம் எப்படி வந்தது என்று தனியாக விளக்கமும் எழுதினோம். அந்த விளக்கம் மேஜை மேஜையாக ஊர்ந்தது. முதலாளி ஒரு விஷயத்தில் உண்மை சொல்லியிருந்தார், ஒரு வருஷம் ஆனது. கொஞ்சம் கூடவே ஆனது. அந்தச் சின்னப் போலீஸ்காரர் லைன் வீட்டுக்கு வந்து, குனிந்து உள்ளே பார்த்து, அண்ணன் இங்கேதான் இருக்கிறான் என்று எழுதிக்கொண்டு போனார். பாஸ்போர்ட் வந்தபோது துபாயில் அந்த யார்டு ஆள் எடுப்பதை நிறுத்தியிருந்தது. சொல்லி அனுப்பின ஆளே திரும்பி வந்துவிட்டார். அதற்கப்புறம் வேறு விசா எதுவும் அண்ணனைத் தேடி வரவில்லை. பாஸ்போர்ட் பெட்டியில் மதினியின் கல்யாணப் புடவைக்கு அடியில் கிடந்து, ஒரு முத்திரையும் விழாமல் காலாவதியானது. பள்ளுருத்தியில் மூன்று சென்ட் வாங்கவேயில்லை.

முதலாளிக்கு ஒரு குறையும் வரவில்லை. எர்ணாகுளத்தில் இன்னொரு ஆபீஸ் திறந்தார். போர்டு இன்னும் பெரிசு. பாவம் செய்தவன் கஷ்டப்படுவான் என்று நம்புகிறவர்களை அந்தப் போர்டுக்குக் கீழே கொண்டுபோய் நிறுத்த வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன்.

மதினி அண்ணனை மன்னிக்கவில்லை. இரண்டு பெண்களும் வளர்ந்து, அதே அறையில் நடுவே ஒரு புடவையைத் திரையாகக் கட்டிப் படுத்தார்கள். கோபம் வரும்போதெல்லாம் மதினி அதையே கேட்பாள். “போலீஸ்காரன் வந்து போற வரைக்கும் அந்த ஷெட்டு வாசல்ல போய் நின்னா என்ன கொறஞ்சிருப்பீங்க? வேற யாருக்காவது தெரியப் போகுதா?” அண்ணன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவான். அவள் கேட்டது நியாயமான கேள்வி. திரைக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கும் என் காதிலும் அது விழும். முதலாளியை அலட்சியமாகப் பேசுவது எனக்குச் சுலபம். மதினியிடம் அது செல்லாது.

எண்பதுகள் முடிகிற சமயம், எனக்குக் கல்யாணமாகி நான் வேறு தெருவில் இருந்தேன். ஒரு சாயங்காலம் யார்டுக்கு அவனைப் பார்க்கப் போனேன். கண் ரொம்பக் கெட்டிருந்தது, கிட்டே வந்தபிறகுதான் என்னை அடையாளம் கண்டான். படகு ஒன்றின் நிழலில் உட்கார்ந்து சாயா குடித்தோம். மதினி கேட்கிற கேள்வியை அன்றைக்கு நான் கேட்டேன். துபாய்க்குப் போகாததில் வருத்தமில்லையா என்றேன்.

“வருத்தமில்லாம இருக்குமா பின்ன? தெனமும் உண்டு. பிள்ளைங்க படுக்கறதப் பாக்கும்போதெல்லாம் உண்டு” என்றான். கண்ணைத் துடைத்துக்கொண்டான், அது வெல்டிங் கண்ணீர்தான். “ஆனா அன்னைக்கு சரின்னு சொல்லியிருந்தேன்னா, துபாய்க்குப் போயும் நான் அவன் ஷெட்டுலதான கெடந்திருப்பேன்.”